“அந்த இடம் போச்சாம்மா?”: ரேஸ் ஓட்டும் மகனின் கோபம்

பந்தய ஓட்டுநர்களுக்கு ஆலோசனை சொல்லும் எனக்குக் கோவைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 16 வயது. 9 வயதில் கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கியவன், இந்த வருடம்தான் ஒற்றை இருக்கை ஃபார்முலா காருக்கு மாறியிருக்கிறான். போன மாதம் ஒரு பந்தயத்தில் நாலாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த பையன் இடித்துவிட்டான். இவன் கார் மண்ணுக்குள் போய்த் திரும்பி வந்து ஏழாவதாக முடித்தது. பந்தயம் முடிந்து கார்களை நிறுத்தும் இடத்தில் இறங்கியவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் பையனின் காருக்கு நடந்து போயிருக்கிறான். இன்னும் சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தவனின் ஹெல்மெட்டில் இரண்டு தடவை அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறான். பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் அவனை முடிவுப் பட்டியலிலிருந்து நீக்கி, அபராதம் போட்டு, இன்னொரு முறை நடந்தால் லைசென்ஸை நிறுத்திவைப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ போனில் எடுத்த 20 விநாடி வீடியோ வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சுற்றுகிறது. கார் மூக்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் உள்ளூர் டயர் கடைக்காரர், “என் கடைப் பேரு அதுல தெளிவாத் தெரியுதேம்மா” என்று போன் செய்திருக்கிறார்.

கணவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கோபம் இல்லாதவன் ரேஸ் ஓட்ட முடியாது, வெர்ஸ்டாப்பனைப் பார்” என்று நாலு முறை ஃபார்முலா 1 உலக சாம்பியனானவரைக் காட்டுகிறார். மற்றவன் இடித்ததைக் காட்டும் கார் கேமரா வீடியோவை அவன் பெயரோடு வெளியிட வேண்டும், தண்டனையை எதிர்த்து அப்பீல் போக வேண்டும் என்று நிற்கிறார். தாய்க்கோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படிப்புக்குத் திருப்பிவிடலாமா என்றிருக்கிறது. அவருடைய அக்கா, படபடப்புக்குத் தான் சாப்பிடும் மாத்திரையில் பாதியைப் பந்தயத்தன்று காலையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். “வீட்டில் அவன் அதிர்ந்து பேசாத பிள்ளை. டிராக்கில் மட்டும் ஏன் இப்படி? அவன் எதிர்காலம் இதோடு முடிந்ததா?” என்று கேட்கிறார்.

மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், இன்னொரு விஷயம். இந்த சீசனுக்காக 12 சென்ட் இடத்தை விற்றிருக்கிறார்கள். சம்பவத்தன்று இரவு ஊருக்குத் திரும்பும்போது பின் சீட்டிலிருந்து மகன் கேட்டானாம்: “அந்த இடம் போச்சாம்மா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியவில்லை. ஆனால் தானாக ஆறிவிடும் சமாச்சாரமும் இல்லை இது. உங்கள் மகன் வயதில் இதைவிடப் பல மடங்கு மோசமாக நடந்துகொண்ட ஒருவரின் கதை இருக்கிறது. உங்களுக்கு அதில் ஆறுதல் கிடைக்கலாம். உங்கள் கணவரும் கூட உட்கார்ந்து படித்தால் நல்லது.

டான் டிக்டம் என்ற இங்கிலாந்துப் பையன். 2015-இல் அவருக்கும் 16 வயதுதான். சில்வர்ஸ்டோன் டிராக்கில், இளம் ஓட்டுநர்களுக்கான ஃபார்முலா 4 மட்டத்துப் பந்தயம் ஒன்றில் ரிக்கி காலர்டு என்பவரோடு மோதிப் பின்னுக்குப் போய்விட்டார். எல்லோரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் சேஃப்டி கார் வந்தது. அந்த நேரத்தில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. டிக்டம் பத்து கார்களை முந்திக்கொண்டு போய், காலர்டின் காரை வேண்டுமென்றே இடித்தார். இரண்டு வருடத் தடை விதித்து, அதில் ஒரு வருடத்தை நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகும் ஃபார்முலா 1 அணியான ரெட் புல் அவரைத் தன் இளம் ஓட்டுநர் அணியில் எடுத்துக்கொண்டது. 2017, 2018 இரண்டு வருடமும் மக்காவ் கிராண்ட் பிரீயை ஜெயித்தார். சென்னாவும் ஷூமாக்கரும் ஜெயித்த பந்தயம் அது. 16 வயதில் செய்த தப்பை, அதுவும் அவ்வளவு பெரிய தப்பை, இந்தத் தொழில் மன்னிக்கத் தயாராக இருந்தது.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. 2019 நடுவில் ரெட் புல் கைவிட்டது. இன்னொரு ஃபார்முலா 1 அணியான வில்லியம்ஸ் சேர்த்துக்கொண்டது. 2021-இல் ஒரு ஆன்லைன் நேரலையில், அதே வில்லியம்ஸின் ஃபார்முலா 1 ஓட்டுநரான நிக்கோலஸ் லத்தீஃபியை மட்டம் தட்டிப் பேசினார். கொஞ்ச நாளில் அந்த அணியிலிருந்தும் பிரிந்த செய்தி வந்தது. பிரிவு முன்பே முடிவானது, அந்தப் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அணி சொன்னது. யார் காதில் விழுந்தது அது? ஊரெல்லாம் அந்த வீடியோவைத்தான் காரணமாகப் பேசியது, ஏனென்றால் 2015 எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இப்போது மின்சாரக் கார்களின் பந்தயமான ஃபார்முலா ஈ ஓட்டுகிறார். 2025-இல் ஜகார்த்தாவில் அங்கே முதல் வெற்றி. பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஃபார்முலா 1-இல் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

அணிக்காரர்களின் கணக்கு எளிமையானது. ஒரு சீட்டுக்கு நாலு பையன்கள் நிற்பார்கள். லேப் நேரத்தில் அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. பணமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், அடுத்த கேள்வி ‘இவனால் நமக்குத் தலைவலி வருமா’ என்பது. வாய்விட்டு யாரும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு வரவேண்டிய போன் வராது, அவ்வளவுதான். ஒரு சம்பவத்தை அவர்கள் மறப்பார்கள். இரண்டாவது நடந்தால் முதலாவதும் சேர்ந்து திரும்பி வரும்.

‘வெர்ஸ்டாப்பனைப் பார்’

பார்க்கலாம், முழுசாகப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் பிரேசில் பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை, ஒரு சுற்று பின்தங்கியிருந்த எஸ்டபன் ஓகான் இடித்துவிட்டார். வெற்றி போயிற்று. பந்தயம் முடிந்து எடை பார்க்கும் இடத்தில் வெர்ஸ்டாப்பன் ஓகானைப் பிடித்துத் தள்ளினார். கிடைத்த தண்டனை இரண்டு நாள் பொதுச்சேவை. உங்கள் கணவர் மனதில் இருப்பது இந்தக் காட்சியாகத்தான் இருக்கும்.

அதே 2018 ஜூலையில், அதே சில்வர்ஸ்டோனில், ஃபார்முலா 1-க்கு அடுத்த படியான ஃபார்முலா 2-இல் இன்னொன்று நடந்தது. அமெரிக்கரான சான்டினோ ஃபெருச்சி, தன் அணித்தோழரான பெங்களூர் அர்ஜுன் மைனியின் காரை, பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பும் சுற்றில் இடித்தார். நாலு பந்தயத் தடை. 60,000 யூரோவுக்கு மேல் அபராதம். அணி அவரை வேலையை விட்டே அனுப்பியது. ஹாஸ் ஃபார்முலா 1 அணியின் வளரும் ஓட்டுநராக இருந்தவர் அமெரிக்காவுக்குத் திரும்பி இண்டிகாரில் ஓட்ட ஆரம்பித்தார். அங்கே நன்றாகவே ஓட்டுகிறார், 2023 இண்டியானாபோலிஸ் 500-இல் மூன்றாவதாக வந்தார். ஐரோப்பியக் கதவு மட்டும் திறக்கவில்லை.

இரண்டு பேரும் செய்தது ஒன்றே என்று சொல்லவில்லை. காரால் இடிப்பது கையால் தள்ளுவதைவிட ஆபத்தானது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வெர்ஸ்டாப்பன் அப்போதே ஃபார்முலா 1-இல் 5 பந்தயம் ஜெயித்தவர். அவரை விட்டுவிட ரெட் புல்லுக்கு மனசு வராது. உங்கள் மகன் இன்னும் யாருக்கும் அப்படித் தவிர்க்க முடியாதவனாக ஆகவில்லை. ஆகலாம். அதுவரை வெர்ஸ்டாப்பனின் சலுகை அவனுக்குச் செல்லாது.

வெர்ஸ்டாப்பனே கோபத்துக்கு விலை கொடுத்தார் என்பதை உங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். 2025 ஸ்பெயின் பந்தயம். கடைசிச் சுற்றுகளில் ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அணி ரேடியோவில் சொன்னது. எரிச்சலில் வேகத்தைக் குறைத்தவர், ரஸ்ஸல் பக்கத்தில் வந்ததும் மறுபடி வேகமெடுத்து அவர் கார் மேலேயே இடித்தார். 10 விநாடி தண்டனை. ஐந்தாவதாக வந்தவர் பத்தாவது ஆனார். 10 புள்ளிக்குப் பதில் 1 புள்ளி. அந்த வருட உலக சாம்பியன் பட்டத்தை லாண்டோ நோரிஸிடம் இழந்தது எத்தனை புள்ளியில் தெரியுமா? 2. நோரிஸ் 423, இவர் 421. அந்த ஒரு நொடி எரிச்சலுக்குப் போனது 9 புள்ளி. நாலு தடவை சாம்பியனான ஆளுக்கே கோபம் வேகம் தரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

கோபம் வேண்டும் என்று உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. தோற்கப் பிடிக்காத பிடிவாதம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் கோபம் வந்ததும் பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், கை ஸ்டீயரிங்கை இறுக்கும், பிரேக்கைத் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மிதிப்பார்கள், டயர் சூடாகும். என்னிடம் வரும் ஓட்டுநர்களை நான் வீடியோ கொண்டுவரச் சொல்வதில்லை. லேப் நேரத் தாளைத்தான் கேட்பேன். உங்கள் மகனின் இன்ஜினியரிடமிருந்து அந்தப் பந்தயத்தின் தாளை வாங்குங்கள். மண்ணிலிருந்து வெளியே வந்த பிறகு ஓட்டிய நாலைந்து சுற்றுகளை அதற்கு முந்தைய சுற்றுகளோடு வைத்து, அப்பாவும் மகனும் சேர்ந்து பார்க்கட்டும். ஏழாவது இடத்துக்குப் போனது இடித்ததால் மட்டும்தானா என்பது அதில் தெரியும். அப்பாவுக்கு என் பேச்சைவிட அந்தத் தாள் மேல் நம்பிக்கை இருக்கும்.

யாரும் கவலைப்படாத ஒன்று

வீடியோ, அபராதம், ஸ்பான்சர் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கார்கள் வந்துகொண்டிருக்கும் இடத்தில் அவன் இறங்கி நடந்தான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

2014 ஆகஸ்ட் 9, நியூயார்க் மாநிலத்தில் கனன்டெய்குவா என்ற மண் டிராக். கெவின் வார்ட் ஜூனியருக்கு 20 வயது. டோனி ஸ்டூவர்ட் என்ற பெரிய ஓட்டுநரோடு உரசியதில் கார் சுவரில் மோதி நின்றுவிட்டது. ஆபத்து, மெதுவாகப் போங்கள் என்று சொல்லும் மஞ்சள் கொடியைக் காட்டினார்கள். வார்ட் காரிலிருந்து இறங்கி, கையை நீட்டிக்கொண்டு டிராக்கின் நடுப்பக்கம் நடந்தார். அடுத்த சுற்றில் வந்த ஸ்டூவர்டின் கார் அவர் மேல் மோதியது. இறந்துபோனார். ஸ்டூவர்ட் மீது குற்ற வழக்கு தொடரத் தேவையில்லை என்று நீதிமன்ற ஜூரி குழு முடிவு செய்தது. ஒரு வாரத்துக்குள் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு விதியே கொண்டுவந்தது: காருக்குள் தீயோ புகையோ இல்லாவிட்டால், பாதுகாப்பு ஆட்கள் வந்து சொல்லும் வரை இறங்கக் கூடாது.

மகனிடம் ஒழுக்கம், மானம், மரியாதை என்று எதையும் பேச வேண்டாம். இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், போதும்.

வீடியோவும் டயர் கடைக்காரரும்

மற்ற பையனின் பெயரோடு பதில் வீடியோ போடும் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். அவனும் சின்னப் பையன்தான். பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டினால் அவன் பெற்றோர் சட்டப்படி எதிர்க்க வழி உண்டு. ஸ்டூவர்டுகள் முன்பும் அது உங்களுக்கு எதிராகவே நிற்கும். இப்போது சுற்றுவது 20 விநாடி வீடியோ. நீங்கள் பதில் போட்டால் அது ஒரு தொடர்கதை.

கடைக்காரர் போன் செய்ததை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விலக நினைப்பவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார். 2011 நவம்பரில் டெக்சாஸில், கைல் புஷ் என்ற நாஸ்கார் ஓட்டுநர் மஞ்சள் கொடி நேரத்தில் ரான் ஹார்னடேயின் வண்டியைத் துரத்திப் போய்ச் சுவரில் மோதவிட்டார். அந்த வார இறுதி முழுக்க அவரை ஓட்டவே விடவில்லை. அதைவிடப் பெரிய அடி, அவருடைய பிரதான ஸ்பான்சரான எம் அண்ட் எம்ஸ் மிட்டாய் கம்பெனி, சீசனின் கடைசி இரண்டு பந்தயங்களுக்குத் தன் பெயரைக் காரிலிருந்து எடுத்துவிட்டது. குழந்தைகள் சாப்பிடும் மிட்டாய்க்கு அந்தப் படம் ஒத்துவராது. ஆனால் அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள். 2015, 2019 இரண்டு முறையும் புஷ் சாம்பியன் ஆனபோது கூட இருந்தார்கள்.

ஆகவே மகனையே அந்தக் கடைக்கு அனுப்புங்கள். அப்பா கூடப் போகலாம், பேசக் கூடாது. “அண்ணா, நான் செஞ்சது தப்பு, உங்க பேரு அதுல வந்துருச்சு” என்று அவன் வாயால் சொல்லட்டும். ‘அவன்தான் முதல்ல’ என்று ஆரம்பித்தால் போனதே வீண். அதே மாதிரி அடி வாங்கிய பையனுக்கும் நாலு வரி கையால் எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் நீங்கள் திருத்தாதீர்கள். இன்ஸ்டாகிராமில் உருகி உருகி மன்னிப்புக் கேட்கும் பதிவு தேவையில்லை. அதை மேனேஜர் எழுதினார் என்று நினைக்க மாட்டார்கள், அம்மா எழுதினார் என்று நினைப்பார்கள்.

அப்புறம், அவனுடைய போன். யூரி விப்ஸ் என்ற எஸ்டோனிய ஓட்டுநர் 2022 மே மாதம் பார்சிலோனாவில் ரெட் புல்லின் ஃபார்முலா 1 காரைப் பயிற்சியில் ஓட்டினார். அடுத்த மாதமே, வீட்டில் கேம் விளையாடும் நேரலையில் சொன்ன ஒரு இனவெறிச் சொல்லுக்காக அவருடைய ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்கள். பந்தயத்தில் தோற்ற அன்று இரவு கேமும் நேரலையும் வேண்டாம் என்பது வீட்டு விதியாக இருக்கட்டும்.

அப்பீல் பற்றி

நான் வக்கீல் இல்லை. பல வருடங்களாக டிராக்கில் சுற்றியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். சர்வதேச விளையாட்டு விதிநூலின்படி, ஸ்டூவர்டுகளின் முடிவு வெளியானதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அப்பீல் போகும் எண்ணத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் போட்டியின் விதியில் வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று சென்னையில் இருக்கும் தேசிய கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யிடம் கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் எதை எதிர்த்து? அவன் அடித்தது வீடியோவிலேயே இருக்கிறது. மற்றவன் இடித்ததற்கு அன்றைக்கே புகார் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு உங்கள் மகனுக்கு முழு உரிமை இருந்தது. கோபத்தில் கையை ஓங்கியதால், புகார் கொடுக்க வேண்டியவன் பதில் சொல்ல வேண்டியவனாக நின்றுவிட்டான்.

இனிமேல் ஸ்டூவர்டுகள் கூப்பிட்டால் அணிப் பிரதிநிதி ஒருவர் அவனோடு போகட்டும். தன் தரப்பைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. சுருக்கமாக, நடந்ததை மட்டும் சொல்லப் பழக்குங்கள்.

உங்கள் கணவருக்கு இங்கே ஒரு வார்த்தை. வேலியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கத்தினீர்கள் என்று கடிதத்தில் இருக்கிறது. ஓட்டுநரின் பக்கம் நிற்பவர்கள் செய்யும் எதற்கும் அந்தப் போட்டியாளரையே பொறுப்பாக்க விதியில் இடம் இருக்கிறது. 2020 அக்டோபரில் இத்தாலியின் லொனாட்டோவில் உலக கார்ட்டிங் பந்தயம் நடந்தது. லூக்கா கோர்பெரி, தன்னை வெளியே தள்ளியதாக நினைத்தவரின் கார்ட் மேல், பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்த பம்பரைத் தூக்கி எறிந்தார். பந்தயம் முடிந்த பிறகு அவரைப் போய்த் தாக்கினார். அப்பா என்ன செய்தார்? தடுக்கவில்லை, கூடச் சேர்ந்துகொண்டார். அந்த டிராக்கே அவர்கள் குடும்பத்துடையது. சர்வதேசக் கூட்டமைப்பு மகனுக்கு 15 வருடத் தடை விதித்தது. அப்பாவுக்கும் அதே 15 வருடம்.

அக்காவின் மாத்திரை

வேண்டவே வேண்டாம். படபடப்புக்குப் பொதுவாகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், கார் பந்தயத்தில் போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டவை. பரிசோதனையில் தெரிந்தால் ஊக்கமருந்து வழக்கு. கோபத்துக்குக் கிடைக்கும் தண்டனை அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆஸ்துமாவோ குறைந்த ரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது எப்போதுமே தப்பு.

ஒன்றைக் கேட்க வேண்டும். சமீபத்தில் தலை குலுங்கும்படி பெரிய மோதல் ஏதாவது நடந்ததா? அதற்குப் பிறகு தலைவலி, தூக்கக் கோளாறு, வெளிச்சம் பட்டால் எரிச்சல், புதிதாக வந்த சிடுசிடுப்பு என்று ஏதாவது இருந்தால், அது குணம் இல்லை, மூளை அதிர்ச்சியாக இருக்கலாம். அப்படியென்றால் என்னைப் போன்ற ஆலோசகரிடம் வருவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் வரை காரில் ஏற்றாதீர்கள். சாப்பிடாமல், தூங்காமல் ஒதுங்கியே இருந்தாலோ, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்கிற மாதிரி பேசினாலோ, மறுநாள் என்று தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இது எதுவும் இல்லையென்றால் அவனுக்கு மருந்து தேவைப்படாது, பயிற்சி போதும். மனநல ஆலோசகரிடம் போனால் பையனைப் பைத்தியம் என்பார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். ஜப்பானின் யூகி சுனோடா ஃபார்முலா 1-க்கு வந்த புதிதில் ரேடியோவில் போட்ட கத்தல் உலகத்துக்கே தெரியும். ரெட் புல் தரப்பில் அவருக்கு ஒரு உளவியலாளரை ஏற்பாடு செய்ததை அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். உடனே மாறிவிடவில்லை, 2024-இல் ஆஸ்திரியாவில் ரேடியோவில் சொன்ன ஒரு வசைச்சொல்லுக்கு 40,000 யூரோ அபராதம், பாதி நிறுத்திவைப்பு. ஆனாலும் 2025-இல் ரெட் புல்லின் முதன்மை அணிக்கு ஏற்றப்பட்டார். பிரேக் போடுவதற்குக் கோச் வைக்கிறோம், இதற்கு வைத்தால் என்ன?

முடிவுக் கொடி விழுந்த பிறகு பத்து நிமிடம்

வீட்டில் அதிர்ந்து பேசாதவன் டிராக்கில் ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் வெயிலில், தீப்பிடிக்காத உடையும் ஹெல்மெட்டுமாக, அரை மணி நேரம் நாடித்துடிப்பு எகிறிய நிலையில் ஓட்டி முடித்தவன் உடலால் இன்னும் பந்தயத்தில்தான் இருக்கிறான். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். யோசித்து நிதானிக்கும் மூளைப் பகுதி 16 வயதில் முழுசாக வளர்ந்திருக்காது. அந்தப் பத்து நிமிடம் அவனை அவன் புத்தியை நம்பி விடக் கூடாது. என்ன செய்வது என்பது முன்பே தீர்மானமாகி, காலும் கையும் தானாகச் செய்ய வேண்டும்.

நான் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் வரிசை இது. இன்ஜினை நிறுத்தியதும் ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன் மூன்று மூச்சு, வெளியே விடும் மூச்சு உள்ளே இழுப்பதைவிட நீளமாக. அதிகாரி சொன்ன பிறகே இறங்குவது. ஹெல்மெட் கழற்றாமல் நேராக எடை பார்க்கும் இடம். வழியில் யாரோடும் பேச்சில்லை, பார்வைகூட இல்லை. எடை எடுத்ததும் மெக்கானிக் கையில் தயாராக இருக்கும் தண்ணீர். பிறகு இன்ஜினியரிடம் ஒரே வாக்கியம், அதுவும் காரைப் பற்றி: “மூணாவது வளைவுல பின்பக்கம் வழுக்குச்சு.” மற்றவனைப் பற்றிய புகாரை ஒரு தாளில் எழுதி அணி மேனேஜரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் அது அவருடைய வேலை.

இதைப் பந்தயத்தன்று சொல்லிக் கொடுத்தால் ஏறாது. ஒவ்வொரு பயிற்சி முடிவிலும், ஒன்றும் நடக்காத நாளிலும், செய்து பழக வேண்டும். மெக்கானிக்குகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; கோபமாக வருபவனைத் தட்டிக்கொடுத்து ‘விடாதே’ என்று ஏற்றிவிடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

வாயை மூடிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று அவன் கேட்பான். உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயனைச் சொல்லுங்கள். 2012-இல் மலேசியாவில், ஒரு சுற்று முந்தும்போது அவர் காரோடு உரசி டயர் கிழிந்ததில் செபாஸ்டியன் வெட்டல் 11-ஆவது இடத்துக்குப் போனார். விரலைக் காட்டினார், ஏளனமாகத் திட்டியும் பேசினார். உலக சாம்பியன் அவர். ஸ்டூவர்டுகளும் நரேனுக்குத்தான் தண்டனை கொடுத்தார்கள். நரேன் பேட்டியில், வார்த்தையால், ஒரு சாம்பியன் இப்படி நடக்கலாமா என்று காட்டமாகவே பதில் சொன்னார். அப்படிப் பேசலாம். பத்து நிமிடம் கழித்து.

அந்த 12 சென்ட்

படிப்புக்குத் திருப்புவதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லப் போவதில்லை. கோபத்துக்குத் தண்டனையாக அதைச் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பணம் தாங்காது என்றால் அதை அந்தக் காரணத்தைச் சொல்லியே நிறுத்துங்கள். அவனால்தான் நின்றது என்று அவன் தலையில் எழுதிவிடாதீர்கள்.

இடித்தவன் மேல் வந்த கோபம் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். நாலாவது இடம் போனபோது அவன் கணக்கில் போனது என்ன என்பதை அவனே பின் சீட்டிலிருந்து சொல்லிவிட்டான். ஒவ்வொரு முந்தலிலும் ஒரு சென்ட் நிலத்தை வைத்து ஓட்டுகிற பையன் அவன். இடித்தவன் அவனுடைய இடத்தைப் பறிக்கவில்லை, அப்பாவின் இடத்தைப் பறித்துவிட்டான். “இவ்வளவு போட்டிருக்கோம் தெரியுமா” என்று ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் அப்பா ஞாபகப்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அது காரில் கூடவே ஏறிக்கொள்கிறது.

நீங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து, இந்த சீசனுக்கு எவ்வளவு, அதற்கு மேல் இல்லை என்று ஒரு எல்லை போடுங்கள். பிறகு அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: இடத்தை விற்றது பெரியவர்கள் எடுத்த முடிவு, ஜெயித்துத் திருப்பித் தர வேண்டிய கடன் இல்லை. உங்கள் கணவர் வாயால் சொன்னால்தான் நம்புவான். சொன்ன பிறகு அந்தப் பேச்சு டிராக் பக்கம் வரக் கூடாது.

அடுத்த பந்தயத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது என்கிறீர்கள். சென்னையிலிருந்து கோவைக்குத் திரும்பும் வழியில் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் சேலம் தாண்டும் வரை காரில் பந்தயப் பேச்சு கிடையாது. எங்கே நிறுத்திச் சாப்பிடுவது என்பதை அவன் முடிவு செய்யட்டும். அவனாகப் பேச ஆரம்பித்தால் மட்டும் சேலம் வரை காத்திருக்க வேண்டாம்.